மல்லிகை மொட்டுகள் ஊதா நிறமாகி உதிர்கின்றன. மருந்து தெளித்தும் நிற்கவில்லை

மாடித்தோட்டம் (இராமமூர்த்தி நகர், பெங்களூரு)
மார்ச் 12, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 14 தொட்டிகளில் குண்டுமல்லி வளர்த்து வருகிறேன். நாங்கள் பெங்களூருக்குக் குடிவந்த புதிதில், அம்மா நிலக்கோட்டையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த 2 பதியன்களிலிருந்து பெருக்கிய செடிகள் இவை. கோடை தொடங்கினால் நாள்தோறும் 2 முழம் தொடுக்கும் அளவுக்குப் பூக்கும். சாமி படத்துக்கு ஒரு முழம், அம்மாவின் தலைக்கு ஒரு முழம் என்பது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இவ்வாண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் அரும்பு கட்டியதிலிருந்தே, மொட்டுகள் பாதி வளர்ந்த நிலையில் இளஞ்சிவப்பாகி, பிறகு ஊதாவாக மாறி, தொட்டால் கையோடு வந்துவிடுகின்றன. 10 மொட்டில் 2 தேறினால் அதிகம். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து, வாரம் இருமுறையாக 3 வாரம் தெளித்துவிட்டேன். எந்த மாற்றமும் இல்லை. அருகிலுள்ள நர்சரியில் இமிடாகுளோபிரிட் என்ற ஊடுருவும் மருந்தைக் கொடுத்து, வேரில் ஊற்றினால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். வாங்கி வைத்திருக்கிறேன், ஊற்றுவதற்கு மனம் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


எலகங்கா ரோஜா
மார்ச் 12, இரவு 10.02

எங்கள் வீட்டு மல்லிகைக்கும் சென்ற ஆண்டு இதே நிலைதான். அது மொட்டுப்புழு. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர்த் தூளைக் கரைத்து மாலையில் தெளித்தேன்; 2 வாரத்தில் கட்டுக்குள் வந்தது. புழுவின் குடலில் மட்டும் வேலை செய்யும் மருந்து என்பதால் வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் அச்சமில்லை.


புங்கமரம்
மார்ச் 13, காலை 6.40

அம்மா, எதையும் தெளிப்பதற்கு முன் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். மல்லிகை மொட்டை ஊதா நிறமாக்கி உதிர்க்கும் பூச்சிகள் இரண்டு உண்டு. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டின் சேதமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றைத் தொடவே தொடாது என்பதால், பூச்சி எது என்று தெரியாமல் தெளிப்பது பணத்துக்கும் செடிக்கும் இழப்புதான்.

முதலாவது, எலகங்கா நண்பர் சொல்லும் மொட்டுப்புழு. இது அந்துப்பூச்சியின் புழு. பச்சை உடலும் கறுத்த தலையும் உடையது. மொட்டின் பக்கவாட்டில் வட்டமாகத் துளைத்து உள்ளே சென்று தின்னும். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போகும். துளையின் வாயில் எச்சம் ஒட்டியிருக்கும், பக்கத்து மொட்டுகளை மெல்லிய நூலால் சேர்த்துக் கட்டியிருப்பதும் உண்டு. இதற்கு நண்பர் சொன்ன மருந்து நன்றாகவே கேட்கும்.

இரண்டாவது மொட்டு ஈ. கொசுவைவிடவும் சிறிய ஈ இது. அரும்பின் நுனியில் முட்டையிட, அதிலிருந்து வரும் காலற்ற வெண்ணிறப் புழுக்கள் மொட்டுக்குள்ளேயே இருந்து அடிப்பகுதியைத் தின்கின்றன. வெளியே துளை இராது, நூலும் இராது. மொட்டின் அடி மட்டும் உப்பி, கோணலாகி நிற்கும். இவை ஈயின் புழுக்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்கான பேசில்லஸ் தூளும் இவற்றிடம் பலிக்காது. வெளிப்பரப்பில் படியும் வேப்பெண்ணெயும் மொட்டுக்குள் இருக்கும் புழுவைச் சென்றடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஊதாவாகத் தொடங்கிய மொட்டுகளில் 20 பறித்து, பாதியை வெள்ளைத் தட்டில் வைத்து ஊசியால் நீளவாக்கில் பிளந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மீதியை ஈரக் காகிதம் விரித்த கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடி, மறுநாள் காகிதத்தின் மீது என்ன ஊர்கிறது என்று பாருங்கள். பார்த்தபின் எழுதுங்கள். அந்த நர்சரி மருந்தை அதுவரை திறக்க வேண்டாம்.


மாடித்தோட்டம் (இராமமூர்த்தி நகர், பெங்களூரு)
மார்ச் 14, இரவு 8.30

ஐயா, தாங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். எந்த மொட்டிலும் துளை இல்லை. பிளந்து பார்த்தபோது ஒவ்வொன்றிலும் 4 முதல் 10 வரை சின்னஞ்சிறு புழுக்கள் இருந்தன. சில வெள்ளையாகவும் சில மஞ்சள் சாயலிலும். தட்டில் கிடந்த மஞ்சள் புழு ஒன்று, உடலை வளைத்து நிமிர்த்தி அரைச் சாண் தூரம் துள்ளி விழுந்ததைக் கண்டு நானும் அம்மாவும் திகைத்துப் போனோம். சீசாவில் வைத்த காகிதத்தின் அடியில் இன்று காலை எண்ணியதில் 31 இருந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மல்லிகைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குச் செம்பருத்தி உள்ளது. அதன் மொட்டுகள் ஒரு மாதமாக மஞ்சளாகி உதிர்கின்றன. தண்ணீர்க் குறைவு என்று நினைத்து இருவேளை ஊற்றி வந்தேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?


புங்கமரம்
மார்ச் 15, காலை 7.05

தொடர்பு உண்டு. தட்டில் துள்ளியது மொட்டு ஈயின் முதிர்ந்த புழு. அந்தத் துள்ளலே அதன் அடையாளம். இந்த ஈ மல்லிகையோடு நிற்பதில்லை. செம்பருத்தி, ஆர்க்கிட் மொட்டுகளிலும் முட்டையிடும். செம்பருத்தியில் பெரும்பாலும் நிறமாற்றத்தைவிட மொட்டு உதிர்வே முதலில் தெரியும் என்பதால், பலரும் நீர்க்குறை என்றே எண்ணுகிறார்கள். உதிர்ந்த செம்பருத்தி மொட்டு ஒன்றையும் பிளந்து பாருங்கள்.

இப்போது, இது ஏன் துள்ளுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தீர்வு அங்கேதான் இருக்கிறது. புழு வளர்ந்து முடிந்ததும் மொட்டிலிருந்து வெளியேறி, கீழே விழுந்து, ஈரமான மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. அங்கிருந்து ஈயாக வெளிவந்து மீண்டும் அரும்பைத் தேடுகிறது. முட்டையிலிருந்து ஈயாகும் வரை ஏறக்குறைய 3 முதல் 4 வாரம். இந்தச் சுற்றில் அது வெட்டவெளியில் இருக்கும் நேரம் மிகக் குறைவு; ஒன்று மொட்டுக்குள், இல்லையென்றால் மண்ணுக்குள். நீங்கள் 3 வாரமாக இலையின் மேல் தெளித்தீர்கள். அது அங்கே இல்லவே இல்லை. இருவேளை நீர் ஊற்றியதால் தொட்டி மண் அதற்குப் பஞ்சு மெத்தையாகவும் ஆகியிருக்கிறது.

ஆகவே சுற்றை இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும். முதலில், 4 வாரத்துக்குச் செடியில் ஒரு மொட்டும் நிற்கக் கூடாது. நல்லது கெட்டது பாராமல், கடுகளவு அரும்பு உட்பட, எல்லா மல்லிகைச் செடியிலும் செம்பருத்தியிலும் 2 நாளுக்கொருமுறை கிள்ளிவிடுங்கள். கிள்ளியதைக் குப்பை உரத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அது ஈயை நாமே வளர்ப்பதாகும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு நாள் முழுவதும் வெயிலில் வைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். கோடை நடுவில் மல்லிகை மொட்டைக் கிள்ளி எறிவது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். வேறு வழியிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடுத்து மண். ஒவ்வொரு தொட்டியிலும் மேல்மண்ணை 2 அங்குலம் சுரண்டி எடுத்து, சிமென்டுத் தரையில் மெல்லியதாகப் பரப்பி, நன்றாகக் காய விடுங்கள். அந்த இடத்தில் புதிய செம்மண்ணுடன் தொட்டிக்கு இரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளைக் கலந்து நிரப்பி, தண்டைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் கெட்டித் துணியோ சாக்கோ விரித்து மூடுங்கள். உள்ளிருப்பது வெளியே வர முடியாது, மேலிருந்து விழுவது உள்ளே போக முடியாது. துணியின் மேல் விழுவனவற்றை மாலைதோறும் கூட்டி எடுங்கள். மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் சருகும் மண்ணும் சேர்ந்திருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். அந்த ஒரு பிடி ஈரமண் போதும் இந்தப் பூச்சிக்கு.


கனகாம்பரம்
மார்ச் 15, பகல் 1.20

பெரியவரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். 14 தொட்டிகளில் நாளுக்கு நாள் மொட்டுக் கிள்ளி, மண் மாற்றி, துணி விரிப்பது வேலைக்குச் செல்பவர்களால் இயலுமா? மல்லிகை உண்ணும் பயிரன்று. நர்சரியில் கொடுத்த ஊடுருவும் மருந்தை ஒரேயொரு முறை வேரில் ஊற்றினால், காற்றிலும் பரவாது, அக்கம்பக்கத்தாருக்கும் தொந்தரவில்லை. மருந்து என்றாலே நஞ்சு என்று ஒதுக்குவது சரியன்று என்பது என் எண்ணம்.


தேன்சிட்டு (மல்லேஸ்வரம்)
மார்ச் 15, மாலை 6.48

கனகாம்பரம் அவர்களுக்கு: காற்றில் பரவாது என்பது உண்மை. ஆனால் அந்த மருந்தின் இயல்பே வேரிலிருந்து செடியின் எல்லாப் பகுதிகளுக்கும் ஏறுவதுதான். அப்படி ஏறும்போது மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் சேர்ந்தே போகிறது. இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட 3 மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது தேனீக்களை முன்னிட்டே. நம் நகரத்தின் அடுக்கு வீடுகளில் பால்கனி விதானத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் மலைத்தேனீக்கள் கூடு கட்டுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். மாடித்தோட்டத்தில் மல்லிகை மட்டுமா இருக்கிறது? பக்கத்துத் தொட்டியில் துளசி பூத்திருக்கும், கத்தரி பூத்திருக்கும். வேரில் ஊற்றியது வழிந்து வெளியேறும் நீரில் எங்கெல்லாம் போகும் என்பதை யார் கட்டுப்படுத்த முடியும்?

இன்னொன்று, மல்லிகை உண்ணும் பயிரன்று என்கிறீர்கள். நம் வீட்டில் அதை முகர்கிறோம், தலையில் சூடுகிறோம், தொடுக்கும்போது நாரைப் பல்லால் கடித்து அறுக்கிறோம், பூசை முடிந்ததும் குழந்தையின் கையில் கொடுக்கிறோம். கடைப் பூவை நம்மால் மாற்ற முடியாமல் போகலாம். வீட்டிலேயே பூ வளர்ப்பது அதற்காகத்தானே!


புங்கமரம்
மார்ச் 16, காலை 6.55

இரசாயன மருந்தே கூடாது என்று நானும் சொல்வதில்லை. வயலில் வேலை பார்த்தவன். தேவையான இடத்தில் பயன்படுத்தியும் இருக்கிறேன். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எந்த அளவில் என்று பதிவு செய்துதான் ஒவ்வொரு மருந்துக்கும் இந்த நாட்டில் அனுமதி கொடுக்கிறார்கள். அது உறையில் அச்சிடப்பட்டிருக்கும். நர்சரியில் உறையில்லாமல் சிறு புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் அந்த விவரம் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. அதைவிடக் கவலைக்குரியது குருணை. தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி போடுங்கள் என்று ஃபோரேட் குருணையைக் கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. மிகக் கொடிய நஞ்சு அது. 2020 திசம்பருடன் அதன் பயன்பாடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. யார் வீட்டிலாவது பழைய பொட்டலம் கிடந்தால் தொட வேண்டாம்.

ஊடுருவும் மருந்தால் வேறொரு தொல்லையும் உண்டு. இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப்பேனை இமிடாகுளோபிரிட் கொல்லாது; அந்த மருந்துக்குப் பிறகு சிலந்திப்பேன் பல மடங்கு பெருகியதைப் பல செடிகளில் கண்டிருக்கிறார்கள். பெங்களூரின் வறண்ட மார்ச், ஏப்ரல் மாதங்கள் சிலந்திப்பேனுக்கு ஏற்ற காலம். ஒன்றை விரட்டி மற்றொன்றை அழைத்துக்கொள்ள வேண்டாம்.


ஜெயநகர் செம்பருத்தி
மார்ச் 17, இரவு 9.40

செம்பருத்தியைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் மனத்தை உறுத்தும் ஒன்றைக் கேட்கிறேன். என் 3 செம்பருத்திச் செடிகளிலும் நுனித்தண்டு முழுவதும் மாவுப்பூச்சி. பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்துக் கழுவி வந்தேன். நேற்று, மற்றவற்றைவிடப் பெரிதாக, வெள்ளை இழைகள் நீண்டு தொங்கும் மாவுப்பூச்சிகள் 10, 12 இருப்பதைப் பார்த்து, இவைதாம் தாய்ப்பூச்சிகள் போலும் என்று ஒவ்வொன்றாக நசுக்கிவிட்டேன். அவை மற்ற மாவுப்பூச்சிகளைப் போல அசையாமல் இருக்கவில்லை, விறுவிறுவென்று ஓடின. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.


தேன்சிட்டு (மல்லேஸ்வரம்)
மார்ச் 17, இரவு 10.15

அக்கா, ஓடியவை மாவுப்பூச்சிகளாக இருக்க வாய்ப்பில்லை. அவை கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்களாக இருக்கும். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு அவற்றையே தின்று வாழ்பவை. வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். மாவுப்பூச்சியோ 5 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898ஆம் ஆண்டிலேயே காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சிக்கு எதிராக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வருந்தாதீர்கள், நானும் முதன்முதலில் கழுவித்தான் கொட்டினேன். மீதி ஏதேனும் இருந்தால் அந்தக் கிளையை மட்டும் கழுவாமல் விட்டுவிடுங்கள்.

இயற்கை எதிரியால் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று எண்ணுபவர்களுக்கு, நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது நினைவிருக்கும். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து 3 வகைக் குளவிகளை வரவழைத்து, பெங்களூரு ஹெப்பாளில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வகத்தில் பெருக்கி, தமிழ்நாடு, கருநாடகம் முதலிய மாநிலங்களில் விட்டார்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் குளவிகள்தாம் அதை அடக்கின.

எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும்; பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். தொட்டியை நீர் நிறைந்த தட்டின் நடுவே செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்தினால் எறும்பின் வழி அடைபடும். தட்டு நீரில் கொசு முட்டை வைக்காமல் 3 நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும்.


எலகங்கா ரோஜா
மார்ச் 18, காலை 8.10

என் முதல் பதிலில் அவசரப்பட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் என் மல்லிகையைப் பார்த்தேன். எனக்கு வந்திருப்பது துளையும் நூலும் உள்ள மொட்டுப்புழுவேதான்.

சோப்புக் கரைசலைப் பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன், ஒருவருக்காவது உதவும். என் ரோஜாவின் இளந்தளிரில் அசுவினி அப்பியிருந்தபோது சோப்புக் கரைசல் பல வாரம் பலனளிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். அந்தக் கடின நீரில் சோப்பு திரிந்து மேலே ஆடையாக மிதந்துவிடுகிறது. பூச்சியின் மேல் படுவது வெறும் தண்ணீர்தான். குழாயில் வரும் காவிரி நீரில் கரைத்துத் தெளித்த மறுநாளே அசுவினி காய்ந்து உதிர்ந்தது. துணி துவைக்கும் தூள் கூடவே கூடாது, இலை கருகும். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வேம்புச் சோப்பையும் புங்கச் சோப்பையும் நான் பயன்படுத்துகிறேன். எதுவாயினும் பூச்சியின் உடலில் நேராகப் பட்டால்தான் கொல்லும். ஆகவே இலையின் அடிப்புறம் நனைய வேண்டும், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு.

ஒரு கேள்வியும் உண்டு. ரோஜா இலையின் ஓரத்தில் யாரோ கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் வட்டவட்டமாகத் துண்டுகள் காணாமல் போகின்றன. புழு எதுவும் தென்படவில்லை. இரவில் வரும் வண்டா?


புங்கமரம்
மார்ச் 18, இரவு 7.30

வண்டு தின்றால் ஓரம் பிசிறு பிசிறாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். கச்சிதமான வட்டம் என்றால் அது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை. துண்டை எடுத்துச் சென்று சுவர் ஓட்டையிலோ மூங்கில் குழலிலோ சுருட்டி, முட்டையிட அறை கட்டுகிறது. செடிக்கு இதனால் கேடில்லை, மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் உயிர் அது. தயவுசெய்து ஒன்றும் தெளிக்காதீர்கள்.


மாடித்தோட்டம் (இராமமூர்த்தி நகர், பெங்களூரு)
ஏப்ரல் 14, மாலை 5.00

புத்தாண்டு வாழ்த்துகள். 4 வாரம் முடிந்தது. மார்ச் 16 அன்று தொடங்கி, 2 நாளுக்கொருமுறை விடியற்காலையில் மொட்டுக் கிள்ளினோம். முதல் நாள் அம்மா மாடிக்கே வரவில்லை. மூன்றாம் முறையிலிருந்து அவரே வந்து, என் கண்ணுக்குத் தப்பிய அரும்புகளையெல்லாம் தேடித்தேடிக் கிள்ளினார். செம்பருத்தியின் உதிர்ந்த மொட்டிலும் அதே புழுக்கள் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று புத்தாண்டுப் பூசைக்குக் கடைப் பூதான்.

ஒரு செய்தி. எங்கள் மாடியை ஒட்டிய வீட்டின் பால்கனியில் பந்தலில் ஏற்றிய ஒரு பெரிய மல்லிகைக் கொடி இருக்கிறது. அந்த வீட்டம்மா கன்னடக்காரர். சென்ற வாரம் அவரிடம் ஒரு மொட்டைப் பிளந்து காட்டினேன். அவருடைய கொடியிலும் அதே நிலைதான். 2 ஆண்டுகளாகப் பூ சரியில்லை என்று உரம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாளே ஆளை வைத்துக் கொடியைக் கவாத்து செய்து, தொட்டி மண்ணையும் மாற்றிவிட்டார். அவருடைய கொடியை விட்டுவிட்டு என்னுடையதை மட்டும் கிள்ளியிருந்தால் இத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும் அல்லவா ஐயா?


புங்கமரம்
ஏப்ரல் 15, காலை 7.00

ஆம் அம்மா. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது அது, கேட்கத் தவறிவிட்டேன். அவருடைய கொடியிலும் கவாத்துக்குப் பின் வரும் முதல் அரும்புகளை 4 வாரம் கிள்ளச் சொல்லுங்கள். உங்கள் செடியில் இனி அரும்பை விடலாம். ஆனால் வாரம் ஒருமுறை 10 மொட்டைப் பிளந்து பாருங்கள். ஒன்றில் புழு இருந்தாலும் அந்தச் செடியை மட்டும் முழுவதும் கிள்ளிவிடுங்கள். துணியை எடுத்துவிட வேண்டாம்.


மாடித்தோட்டம் (இராமமூர்த்தி நகர், பெங்களூரு)
மே 19, இரவு 8.45

நேற்று மாலை 14 செடிகளிலும் சேர்த்து 212 மொட்டுகள் பறித்தோம். ஊதா நிறமானவை 6. அவற்றில் 5 ஒரே தொட்டியிலிருந்து வந்தவை. அந்தத் தொட்டியின் துணி ஒரு பக்கம் கிழிந்திருந்ததை இன்று காலை பார்த்தேன். மாற்றிவிட்டு, அந்தச் செடியின் மொட்டுகளையும் கிள்ளிவிட்டேன். செம்பருத்தியில் ஒரு வாரமாக நாள்தோறும் 2 பூ. இரண்டு முழத்தில் ஒன்றைப் பக்கத்து வீட்டம்மாவுக்கு அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தார். அவருடைய கொடியில் மொட்டுக் கிள்ளும் வேலை இன்று முடிந்தது.

நர்சரியில் கொடுத்த மருந்துப் புட்டி இன்னும் திறக்கப்படாமலே இருக்கிறது. அதைச் சாக்கடையில் கொட்டக்கூடாது என்பது தெரியும். வீட்டு நச்சுக் கழிவாகத் தனியே கட்டி, குப்பை வண்டியில் வருபவரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.